ஹெரால்டு காரும் ஸ்பிட்ஃபயரும்: ஒரு கிராஸின் கதை

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. ஓட்டாதவர்கள்கூட முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏறி, நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 1961-லிருந்து நம்ம சென்னையை ஒட்டி, தாம்பரம் தாண்டி வண்டலூர் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த கார் அது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பை வைத்து, 1962-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டது. பெயர் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிச்சலாட்டி என்ற இத்தாலியர். இன்றைக்கு வெளிநாடுகளில் பழைய கார் பிரியர்கள் ஸ்பிட்ஃபயரின் கீழே படுத்துக்கொண்டு எந்தப் பாகத்தைத் தட்டிக் கழற்றுகிறார்களோ, அதையேதான் அன்று நம் ஊர் மெக்கானிக்குகளும் தட்டிக் கழற்றினார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் கிராஸ். புத்தகத்தில் யூனிவர்சல் ஜாயின்ட்.

பெருக்கல் குறி மாதிரி ஒரு சின்ன எஃகுத் துண்டு. நான்கு முனையிலும் நான்கு தொப்பி, ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஊசி ஊசியாக பேரிங். எதிரெதிர் முனைகள் இரண்டை ஒரு ஷாஃப்டின் கவை பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டை அடுத்த ஷாஃப்டின் கவை பிடித்துக்கொள்ளும். இரண்டு ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லாமல் கோணலாக இருந்தாலும் ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இந்த இவ்வளவுக்கு வயது அதிகம்.

கார்டன் ஷாஃப்ட் என்று ஐரோப்பாவில் சொல்வார்கள். 1501-ல் பிறந்த கார்டானோ என்ற இத்தாலிய மருத்துவர், கணித மேதை, சூதாட்டக்காரர் (சூதாட்டத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர்) பெயரால் வந்தது. அவர் விவரித்தது, கப்பல் ஆடினாலும் திசைகாட்டி ஆடாமல் இருக்க வளையத்துக்குள் வளையமாகத் தொங்கவிடும் அமைப்பை. அதுகூட அவருக்கு ஆயிரத்தெண்ணூறு வருஷம் முன்பே கிரேக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. பெயர் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் இதை ஹூக்ஸ் ஜாயின்ட் என்பார்கள். ஸ்பிரிங் இழுவைக்கு விதி சொன்ன அதே ராபர்ட் ஹூக். 1676-ல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இந்த இணைப்பைப் படத்தோடு விளக்கினார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? வண்டிக்கு அல்ல, சூரியக் கடிகாரத்துக்கு. அவர் கவனித்தது இது: கோணலான இரண்டு ஷாஃப்டை இப்படி இணைத்தால், முதல் ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும் இரண்டாவது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். சூரியன் வானத்தில் சீராக நகர்ந்தாலும் தரையில் படுத்திருக்கும் கடிகாரத்தில் நிழல் சீராக நகர்வதில்லை அல்லவா? இரண்டுக்கும் ஒரே கணக்கு. ஆகவே மணிக்கோடுகளை வரைய இந்த இணைப்பையே கருவியாக்கினார். பின்னாளில் கார் எஞ்சினியர்கள் தலைவலி என்று நினைத்த குணம், அவர் கையில் உபகாரமாக இருந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தலைவலி எவ்வளவு என்றால், கோணம் 10 டிகிரி இருந்தால் வேகம் ஒன்றரை சதவீதம் ஏறி இறங்கும். 20 டிகிரி ஆனால் ஆறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டில் இரண்டு முனையிலும் இரண்டு கிராஸ். ஒன்று செய்யும் கோணலை மற்றது சரிக்கட்டும். ஆனால் இரண்டு கவையும் ஒரே வாக்கில் இருக்கவேண்டும். ஸ்ப்ளைன் வைத்த ஷாஃப்டை அடையாளக் கோடு போடாமல் உருவிவிட்டு, குத்துமதிப்பாகத் திரும்பச் செருகினால் வண்டி நடுங்கும். கிராஸ் புதுசு, நடுக்கமும் புதுசு என்று பட்டறை வாசலில் சண்டை நடப்பது இதனால்தான்.

வண்டிக்கு இதை ஒழுங்காகக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சொந்தமாக ஒரு கார் செய்தார். அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் சைக்கிள் மாதிரி செயின், பல்சக்கரம். சத்தம், அழுக்கு, அடிக்கடி அறுந்துபோகும். அதை விட்டுவிட்டு ஷாஃப்டும் மூடிய ஜாயின்ட்டும் வைத்து 1903-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே தொழில் தொடங்கிவிட்டார். ஸ்பைசர் என்ற பெயர் இன்றைக்கும் நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் அட்டைப் பெட்டிமேல் இருக்கிறது.

இனி ஹெரால்டுக்கு வருவோம். 1959-ல் அது இங்கிலாந்தில் வெளிவந்தபோது நான்கு சக்கரமும் தனித்தனியாக ஆடும் புதுமை என்று விளம்பரம். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிலையாக இருக்கும். அதிலிருந்து இடமும் வலமும் ஒவ்வொரு ஷாஃப்ட். ஒவ்வொன்றுக்கும் உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ், வெளிமுனை சக்கரத்தோடு விறைப்பாகச் சேர்ந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், கதவு கீலில் ஆடுவதுபோல, ஷாஃப்ட் மொத்தமும் அந்தக் கிராஸைச் சுற்றி ஆடும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஹெரால்டின் பின்சக்கரங்கள் கோழிக்கால் மாதிரி உள்ளே மடங்கித் தொங்கும். பின்னால் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் கால் பரப்பி நிற்கும். பார்த்திருப்பீர்கள்.

இதில் ஆபத்தும் இருந்தது. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். பிடிமானம் போய்விடும். 948 சிசி ஹெரால்டில் நாம் அந்த வேகத்துக்கே போகவில்லை. ஸ்பிட்ஃபயர்காரர்கள் போனார்கள். அமெரிக்காவில் கார்வேர் காரின் இதே மாதிரி பின்அச்சை வைத்து ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய புத்தகம் பெரிய புயலைக் கிளப்பியது. ட்ரையம்ஃப் 1970-ல்தான் ஸ்பிட்ஃபயரின் பின் கட்டை மாற்றியமைத்து இதை அடக்கியது. எட்டு வருஷம் தாமதம் என்பது என் அபிப்ராயம்.

இன்னொன்று. சாதாரண வண்டியில் கிராஸ் தேய்ந்தால் சத்தம் வரும், நின்றுபோகும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவதே அந்த ஷாஃப்ட்தான். கிராஸ் உடைந்தால் சக்கரமே சாயும். எனவே அந்த மெக்கானிக்குகள் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். கிளட்ச் விடும்போது 'டக்' என்று ஒரு அடி, மெதுவாக உருளும்போது குருவி கத்துவதுபோல் கீச் கீச், குனிந்து பார்த்தால் தொப்பி ஓரத்தில் செம்பொடி. கிரீஸ் வற்றி ஊசிகள் துருவை அரைக்கிறது என்று அர்த்தம்.

மாற்றும் வேலை கையடக்கமானதுதான். டிஃபரன்ஷியல் பக்கம் நான்கு போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை விடுவிக்கவேண்டும். நான்கு சர்க்ளிப்பையும் எடுத்துவிட்டு, வைஸில் ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட் வைத்து நெருக்கினால் தொப்பி வெளியே வரும். வைஸ் இல்லாதவர்கள் சுத்தியலை நம்பினார்கள். பழைய கிராஸின் முனையைத் தடவினால் ஊசிகள் பதிந்த வரிவரியான பள்ளம் நகத்தில் தட்டும். புதியதைப் போடும்போதுதான் பொறுமை வேண்டும். ஊசிகள் விழாமலிருக்க கிரீஸால் ஒட்டிவைப்பார்கள். ஒரே ஒரு ஊசி சாய்ந்து தொப்பியின் அடியில் படுத்துக்கொண்டால் போதும், சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. அங்கே பலம் காட்டினால் தொப்பி வெடிக்கும். தெரிந்த ஆள் மறுபடி கழற்றுவார். எல்லாம் சேர்ந்தபின் கிராஸ் இறுகலாக ஆடினால் கவையின் காதில் லேசாக ஒரு தட்டு, தொப்பி நகர்ந்து சர்க்ளிப்பில் சாய்ந்துகொள்ளும், கிராஸ் இளகும்.

நம் ரோடுகளும் நம் பாரமும் அந்தப் பின்அச்சுக்கு ஒத்துவரவில்லை. வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, பட்டறைக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. 1972-ல் ஹெரால்டுக்கு வாரிசாக கெஸல் வந்தபோது அதே எஞ்சின், ஆனால் பின்னால் அம்பாசிடர் மாதிரி ஒரே கட்டையான அச்சு. சக்கரத்துக்குப் போன அந்த இரண்டு கிராஸும் அதோடு போயின. ஸ்பிட்ஃபயர் மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு 1980 வரை ஓடியது.