துபாஷி முதல் பேசும் கருவி வரை

சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், ஏரியைக் கண்டபின் பெரும்பாலும் நாடிச் செல்லும் இடம் சேர்வராயன் கோயில். கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மலையின் உச்சியில், குறுகிய குகை ஒன்றில் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். சேர்வராயன் மலையின் உருவம். காவேரியம்மன் ஆற்றின் உருவம். மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு மலை ஊர்கள் பலவற்றிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அவர்கள் தம்மை ‘மலையாளிகள்’ என்று சொல்லிக்கொள்பவர்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் வரலாறு.

இம்மலைக்கு இன்று வரும் பயணியர் பலர் தமிழ் அறியாதவர்கள். கன்னடமோ இந்தியோ ஆங்கிலமோ பேசுவோரின் கையில் ஒரு கைபேசி இருக்கிறது. அதனிடம் ஒருவர் தம் மொழியில் ஒரு தொடரைச் சொன்னால், அது தமிழில் பேசுகிறது. எதிரில் இருப்பவர் தமிழில் விடை சொன்னால், பயணியின் மொழியில் திருப்பிச் சொல்கிறது. வழிப்போக்கனுக்கும் ஊராருக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு மனிதன் நின்ற இடத்தில் இப்போது ஒரு கருவி நிற்கிறது. அம்மனிதன் செய்த பணி முழுவதையும் இக்கருவி ஏற்றுக்கொண்டதா என்பது மொழியைத் தொழிலாகக் கொண்டோர் எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

மொழி மாறும் நிலம்

வேற்றுமொழி நிலத்தைத் தமிழர் ‘மொழிபெயர் தேயம்’ என்று குறித்தனர். சங்க அகப்பாடல்களில் பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடக்கும் எல்லை அது. மலையும் பாலையும் போலவே மொழி மாறுவதும் பயணத்தின் ஓர் இடர் எனக் கருதப்பட்டது. மறுபுறம், பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த துறைமுகமாகப் புகாரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிறமொழி நிலத்துக்குச் செல்வதும் பிறமொழியாளரை வரவேற்பதும் தமிழர்க்குப் புதியவை அல்ல.

பயணி ஒருவன் உள்ளூர் மொழியில் பேச முயன்றதற்குக் கல்லில் எழுதிய சான்று இலங்கையின் காலியில் கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுத் தேதி உடையது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்டது. 1911இல் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மூன்று பகுதிகளும் காணிக்கைப் பொருள்களைப் பட்டியலிடுகின்றன. ஆனால் காணிக்கை பெறுவோர் வேறு வேறு. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபையும் போற்றுகின்றன. ஒரே தொடரை மும்முறை மாற்றி எழுதியதன்று இது. எந்த மொழியாளரிடம் யாரை முன்னிறுத்திப் பேச வேண்டும் என்பதை அறிந்தவர்கள் இதனை ஆக்கினர்.

துபாஷி

ஐரோப்பியர் வந்தபின் இப்பணிக்கு ‘துபாஷி’ என்ற பெயர் நிலைத்தது. இருமொழியாளன் என்பதே அதன் பொருள். துபாஷியின் வேலை சொற்களோடு முடிவதில்லை. விலை பேசுதல், ஆள் அமர்த்துதல், கடன் ஏற்பாடு செய்தல், யாரை நம்பலாம் என்று சொல்லுதல் அனைத்தும் அவன் பொறுப்பாயின. சென்னையில் பச்சையப்ப முதலியாரும் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையும் இத்தொழிலால் செல்வமும் செல்வாக்கும் பெற்றனர்.

1736இல் தொடங்கி எழுதப்பட்ட ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு, மொழிபெயர்ப்பாளன் நின்ற இடம் எத்தகையது என்பதை விளக்கும் அரிய ஆவணம். ஆளுநர் டூப்ளேயின் துணைவியார் ழான் புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் அறிந்தவர். அவருக்கும் பிள்ளைக்கும் இருந்த பிணக்கு அந்நாட்குறிப்பில் பலகாலும் வெளிப்படுகிறது. ஆளுநரின் செவிக்கு ஊரார் சொல்லைக் கொண்டு சேர்ப்பவர் யார் என்பதே அங்கே அதிகாரப் போட்டியாயிற்று. துபாஷியைப் பற்றிய ஐயமும் இங்குதான் பிறந்தது. தன் ஆதாயத்துக்காக அவன் சொல்லை வளைக்கக்கூடும். ஆயினும் வளைத்தவன் இன்னான் என்று சுட்ட ஒரு முகம் இருந்தது. அவனிடம் விளக்கம் கேட்கவும் இயன்றது.

மலைக்கு வந்தோர்

சேர்வராயன் மலையில் ஐரோப்பியர் குடியேற்றம் 1820களில் வலுப்பெற்றது. அப்போது சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். தோட்டங்கள் பெருகின. சேர்வராயன் ஆங்கில ஏடுகளில் ‘ஷெவராய்’ ஆயிற்று. ஏரியும் காடும் சேர்ந்த ஏற்காடு ‘யெர்காட்’ ஆயிற்று. மக்களின் பேச்சுக்கு முன்பே மலையின் பெயர்தான் மொழி மாறியது.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் நிலையான இடம் பெற்ற ஒருவரின் வாழ்வு இம்மலையில்தான் முடிந்தது. 1882இல் ஏற்காட்டில் காலமான பீற்றர் பெர்சிவல் பாதிரியாரே அவர். தொல்பொருள் ஆய்வில் புகழ்பெற்ற இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் மாமனார். யாழ்ப்பாணத்தில் இவர் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் துணைநின்றதும், 1848இல் அதனைச் சென்னைக்குக் கொண்டு வந்து மகாலிங்கையரின் மதிப்பீட்டைப் பெற்றதும் தமிழுலகம் அறிந்தவை. 1850இல் அச்சான அம்மொழிபெயர்ப்பு தென்னிந்தியத் திருச்சபைகளில் வேரூன்றவில்லை. 1871இல் பவர் தலைமையிலான குழு வெளியிட்ட திருத்தமே நிலைத்தது. நாவலரின் புலமை துணையிருந்தும், கேட்போர் பழகிய மொழியே வென்றது.

பெர்சிவல் 1855இல் சென்னையில் தொடங்கிய ‘தினவர்த்தமானி’ இதழில் சி. வை. தாமோதரம் பிள்ளை ஆசிரியப் பணி புரிந்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கில ஆக்கத்தோடு பெர்சிவல் வெளியிட்டார். அகராதி வழிச் சொற்பொருள் அறியலாம். அச்சொல்லை மக்கள் எங்கே, எதற்காகச் சொல்கிறார்கள் என்பதை அறியப் பழமொழி வேண்டும். அதனை உணர்ந்தே அவர் அப்பெருந்தொகுப்பில் உழைத்தார் எனலாம்.

அடுத்து வந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909இல் வெளியான ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் ஏழு தொகுதி நூலில் இம்மலை மக்களைப் பற்றி எழுதியுள்ளார். அவர்களை அளவிடவும் படமெடுக்கவும் அவர் வந்தபோது, நிலத்தைப் பறித்துத் தம்மை நாடு கடத்த வந்த அதிகாரி என்று அவர்கள் அஞ்சினர். ஊரைப் படமெடுக்க வைத்த புகைப்படக் கருவியை நில அளவைக் கருவி என்று எண்ணி எதிர்த்தனர். தர்ஸ்டன் இதனை அறியாமையின் விளைவாகவே எழுதிச் செல்கிறார். ஆனால் காப்பித் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் பரவிய காலத்தை நினைவிற்கொண்டால், அவ்வச்சம் காரணமற்றது அன்று. அங்கே குறைவாக இருந்தது சொல்லறிவு அன்று; வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதில் நம்பிக்கை இல்லை. எத்துணைச் சிறந்த மொழிபெயர்ப்பும் தானாக அந்நம்பிக்கையைத் தந்திருக்க இயலாது.

பேசும் கருவியின் பிறப்பு

இயந்திர மொழிபெயர்ப்பு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1954 சனவரி 7 அன்று. நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும் கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட ருசியத் தொடர்களை ஆங்கிலமாக்கிக் காட்டின. சில ஆண்டுகளில் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்பினர். 1966இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்றின் அறிக்கை அந்நம்பிக்கையைத் தகர்த்தது, நிதியும் சுருங்கியது.

எழுத்தைவிடப் பேச்சை மொழிபெயர்ப்பது கடினம். கருவி மூன்று படிகளைக் கடக்க வேண்டும்: ஒலியைக் கேட்டுச் சொல்லாக அறிதல், அச்சொற்றொடரை வேற்றுமொழிக்கு மாற்றுதல், மாற்றியதை மீண்டும் குரலாக ஒலித்தல். முதற்படியில் நேர்ந்த பிழை மூன்றாம் படிவரை தொடரும். 1993இல் சப்பான், அமெரிக்கா, செருமனி நாடுகளின் ஆய்வாளர் தொலைபேசி வழியே மும்மொழிப் பேச்சு மொழிபெயர்ப்பைச் செய்து காட்டினர். ஆனால் அது மாநாட்டுப் பதிவு போன்ற குறுகிய பொருளுக்குள் அடங்கியது. பெருந்திரளான மொழிபெயர்ப்புகளிலிருந்து கணினியே கற்கும் முறை வளர்ந்தபின் வேகம் கூடியது. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் இடம்பெற்றது. 2017இல் சப்பானில் பயணியருக்கென்றே ‘பாக்கெட்டாக்’ என்னும் உள்ளங்கைக் கருவி விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் மைய அரசின் ‘பாஷிணி’ திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ‘ஏஐ4பாரத்’ குழு 2023இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அமைப்பு அட்டவணை மொழிகள் 22ஐயும் தழுவியது. 2023 திசம்பர் 17 அன்று காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சு பாஷிணி வழி உடனுக்குடன் தமிழாக்கப்பட்டு, தமிழகத்திலிருந்து சென்றோர் காதுகளை எட்டியது. வழிப்போக்கருக்குக் கருவி தமிழ் பேசும் காலம் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

குகை வாயிலில்

இனி அக்கருவியைச் சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டு செல்வோம்.

முதலில் ‘மலையாளி’ என்ற சொல். கருவி கற்றது எழுதிக் குவிந்த தமிழிலிருந்து. அங்கே இச்சொல் பெரும்பாலும் கேரளத்தாரையே குறிக்கும். மலைவாழ் மலையாளி தம் பெயரைச் சொன்னால், பயணியின் செவியில் அவர் கேரளத்தவர் ஆகிவிட இடமுண்டு. பழங்குடிப் பட்டியலில் இப்பெயர் சேலம் முதலிய சில மாவட்டங்களின் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டிருப்பதை நோக்கின், ஒரு பெயரின் பொருள் எத்துணை உரிமைகளைத் தாங்கி நிற்கிறது என்பது புலனாகும். அதுபோலவே ‘நாடு’. மலையில் அது சில ஊர்களின் தொகுதி. கருவிக்கோ அது இந்தியா போன்றதொரு தேசம்.

அடுத்தது மரியாதை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழில் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று கருவி தீர்மானித்தாக வேண்டும். எதிரில் இருப்பவர் சிறுவனா, பூசாரியா, ஊர்க்கவுண்டரா என்பது அதற்குத் தெரியாது. துபாஷி கண்ணால் கண்டு தீர்மானித்ததை, இது கண்ணின்றித் தீர்மானிக்கிறது.

மூன்றாவது இவற்றினும் நுட்பமானது. “உள்ளே போகலாமா?” என்று கேட்க விரும்பும் பயணி, தன்மைப் பன்மையில் பேசுகிறார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இன்றைய கன்னடத்திலும் அதற்கு ஒரே சொல். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. முன்னது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், பின்னது விலக்கும். தெலுங்கில் இவ்வேறுபாடு உண்டு. ஆயினும் ஆங்கிலத்தை இடைமொழியாக வைத்து இயங்கும் கருவியில், தெலுங்கர் சொன்ன வேறுபாடு நடுவழியில் உதிர்ந்துவிடும். குகை வாயிலில் நிற்கும் மலைக்குடி முதியவரிடம் “நாம் உள்ளே போவோம்” என்பதற்கும் “நாங்கள் உள்ளே போகிறோம்” என்பதற்கும் இடையே, விருந்தினனுக்கும் அத்துமீறி நுழைபவனுக்கும் உள்ள தொலைவு இருக்கிறது. பயணி எண்ணாத ஒன்றை அவர் பெயரால் கருவி சொல்லிவிடும்; சொன்னது எது என்பது அவருக்கே தெரியாது. பிழை நேர்ந்தால் விளக்கம் கேட்கத் துபாஷிக்கு இருந்த முகம் இதற்கு இல்லை.

இவை கருவியைப் பழிக்கக் கூறியவை அல்ல. மருத்துவமனைக்கு வழி கேட்கவும், உணவு வாங்கவும், கடைசிப் பேருந்தின் நேரம் அறியவும் இது பேருதவி. முன்பு துபாஷியை அமர்த்தச் செல்வர்க்கே இயன்றது. இன்று எளியோர்க்கும் துணை கிடைத்துள்ளது. இக்குறைகள் தீராதவையும் அல்ல. கருவி எதைக் கற்றதோ அதையே பேசும். மலைத் தமிழ் எழுத்தில் ஏறாதவரை அது கருவியின் செவிக்கும் ஏறாது.

ஆதலின் இப்பணியில் இலக்கிய அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. பெர்சிவல் பழமொழிகளைத் தொகுத்ததுபோல், மலையூர்ப் பேச்சையும் கதைகளையும் திருவிழா வழக்குகளையும் சூழலோடு பதிவு செய்வோர் தேவை. ஆனால் ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேறுவோர் தர்ஸ்டனின் புகைப்படக் கருவி கண்ட எதிர்ப்பையும் மறக்கலாகாது. எதற்காகப் பதிவு செய்கிறோம், அது யார் கைக்குப் போகும், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா என்பவற்றை அவர்கள் தமிழிலேயே முதலில் சொல்லியாக வேண்டும். அம்மக்கள் உடன்பட்டுத் தந்த பேச்சைக் கற்ற கருவியே, சேர்வராயன் குகை வாயிலில் ‘நாம்’ என்று சொல்லத் தகுதி பெறும்.