மட்டக்களப்பு வாவிக் கரையில் கிறிஸ்தவ இறுதிக்காலப் போதனைகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெரும்பான்மையினர் இந்துக்கள், ஏறத்தாழ கால் பங்கினர் முஸ்லிம்கள். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை, ஆயிரவருட அரசாட்சி, இறுதித் தீர்ப்பு, இவற்றில் இஸ்ரவேலின் இடம் ஆகியவற்றைப் பற்றி இந்தச் சிறு சமூகத்துக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒவ்வாத போதனைகள் உண்டு. போரும் சுனாமியும் குண்டுவெடிப்பும் கண்ட கரை என்பதால் அவை ஏட்டுப் பாடமாக மட்டும் இங்கே நிற்பதில்லை.

போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றிய கத்தோலிக்கம் இதில் புனித அகுஸ்தீனின் வழி நடப்பது. அவருக்கு ஆயிரம் ஆண்டு என்பது திருச்சபையின் காலமே. மண்ணுலகில் மெசியாவின் ஆட்சி அமையும் என்ற எதிர்பார்ப்பைக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 676) வெளிப்படையாக மறுக்கிறது. யூதர் கடவுளால் கைவிடப்பட்டவர்கள் என்ற பழங்கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் விலக்கியது.

வில்லியம் ஓல்ட் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த ஊழியம் பள்ளிக்கூடத்தையும் மனந்திரும்புதலையும் முன்னிறுத்தியது. மெதடிஸ்த இயக்கத்தின் முன்னோடி ஜோன் வெஸ்லி, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதிய குறிப்புகளில் ஜெர்மானிய அறிஞர் பெங்கலைப் பெரிதும் பின்பற்றினார். பெங்கல் கணித்துச் சொன்ன 1836ஆம் ஆண்டு எதுவும் நிகழாமலே கடந்தது. காலக்கணிப்பு மெதடிஸ்த போதனையின் மையமாக அமையவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் சுயாதீன சபைகளிலும்தான் இறுதிக்காலம் அன்றாடப் பேச்சாகிறது. கொழும்பில் பாஸ்டர் பால் 1924இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வருகைக்கு ஆயத்தப்படுவதையே விசுவாசியின் முழுவாழ்வாகப் போதித்தது. வெள்ளுடை தரித்து, மணம் செய்யாமல் கூட்டாக வாழும் அதன் ஊழியர்கள் அந்த ஆயத்தத்தைக் கண்முன்னே காட்டினார்கள். இரகசிய வருகை, ஏழாண்டு உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, ஆயிரவருட அரசாட்சி என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் வரிசைக்கு மூலம் 19ஆம் நூற்றாண்டின் ஜோன் நெல்சன் டார்பி. 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. இந்த வரிசையை ஏற்பவர்களுக்கு 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்ததும், 1967இல் எருசலேம் முழுவதும் அதன் கைக்கு வந்ததும் தீர்க்கதரிசன நிறைவேற்றங்கள்.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியிலும் கல்லடியிலும் காலை ஆராதனை வேளையில் கடல் ஏறியது. கடலின் இரைச்சலை இறுதிக்கால அடையாளங்களில் ஒன்றாகச் சொல்லும் லூக்கா 21:25 இந்தக் கரையில் இனித் தூரத்து வசனம் அல்ல. ஆனால் அதே அதிகாரம் ஏமாறாதிருக்கவும் எச்சரிக்கிறது. மாண்டவர்களைத் தீர்ப்புக்கு உள்ளானவர்கள் என்று சொல்ல அதில் இடமில்லை. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி இயேசுவே அந்த எண்ணத்தை மறுத்திருக்கிறார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்துக்குத் தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் வந்தான். உள்ளே விடாமல் தடுக்கப்பட்டதால் வெளிமுற்றத்திலேயே குண்டை வெடிக்கவைத்தான். ஞாயிறு பாடசாலை முடிந்து சிறுவர்கள் நின்றிருந்த இடம் அது. இறந்த சுமார் 30 பேரில் 14 பேர் சிறுவர். தாவீதின் நகரான சீயோனை எபிரெயர் 12:22 பரம எருசலேமாக, விசுவாசிகள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட இடமாகக் காண்கிறது. பிள்ளைகளை அடக்கம் செய்த சபைக்கு, எந்தக் கால அட்டவணையையும் விட இந்த வாசிப்பே கைகொடுக்கக்கூடியது.

தாக்குதலை நடத்திய குழுவின் தலைவன் பக்கத்து ஊரான காத்தான்குடியைச் சேர்ந்தவன். தமிழூரும் முஸ்லிமூரும் அடுத்தடுத்து அமைந்த இந்தக் கரையில் இஸ்ரேல் பற்றிய போதனை அயலவரைப் பற்றிய போதனையாகவும் ஆகிவிடுகிறது. எசேக்கியேல் 38இன் கோகு, மாகோகு படைகளை இன்றைய முஸ்லிம் நாடுகளோடு பொருத்திக் காட்டும் விளக்கங்கள் தமிழிலும் உண்டு. அவற்றை இங்கே பிரசங்கிப்பது ஆபத்தானது. குண்டு வைத்தவனின் பழியை, சந்தையிலும் வயலிலும் கூட நிற்கும் மக்கள்மேல் அது சுமத்திவிடும். இஸ்ரவேலின் தெரிவு நீங்காதது என்று சொல்லும் ரோமர் 11, புறஜாதியாரை மேட்டிமை கொள்ளாதே என்றுதான் எச்சரிக்கிறது. நாடுகளின் எல்லையைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் 2009இல் வெளியிட்ட கைரோஸ் ஆவணமும், தங்கள் நிலம் பறிபோவதற்கு வேதத்தை ஆதாரமாக்கும் இறையியலை மறுத்தது.