டயாட்டமுக்குள் நுழைந்த வளையங்கள்

சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகளே டயாட்டம்கள். புவியில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றினுடையது. இவற்றுக்குள் அயல் மரபணுவைக் கொண்டுசேர்க்கும் பிளாஸ்மிட் கடத்திகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 2015இலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். அதனால், அதற்கு இருபது ஆண்டுகள் முந்தைய ஒரு தோல்வி கண்ணில் படாமல் போகிறது.

பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் நோக்குடன் அமெரிக்க எரிசக்தித் துறை 1978இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ், கொலராடோ மாநிலத்தின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் டனஹே, ஜார்விஸ், ரோஸ்லர் ஆகிய மூவரும் சைக்ளோடெல்லா கிரிப்டிகா, நாவிகுலா சப்ரோஃபிலா என்னும் இரு டயாட்டம்களில் அயல் மரபணுவை நிலைபெறச் செய்தனர். ஆய்வுரை 1995இல் வெளிவந்தது. அவர்களது பிளாஸ்மிட்டின் நடுவில் இருந்தது, உயிர்எதிர்ப்பொருளைத் தாங்கும் திறன் தரும் பாக்டீரிய மரபணு. அதன் முன்னும் பின்னும் நின்ற புரொமோட்டரும் டெர்மினேட்டரும் சைக்ளோடெல்லாவின் சொந்த மரபணு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. மொழியியல் பயின்றவருக்கு இவ்வமைப்பு பழக்கமானதே. ‘பஸ்ஸில்’ என்கிறோம்: சொல் கடன், வேற்றுமை உருபு நம்முடையது.

உலோகத் துகள்களில் பிளாஸ்மிட்டைப் பூசிச் செல்களின்மீது பாய்ச்சினர். கடத்தி வேலை செய்தது. புரொமோட்டரை ஈந்த அந்தச் சொந்த மரபணுதான் அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதிக்குரியது. கொழுப்பு அமில உற்பத்தியின் முதற்படி அந்நொதியினுடையது. அம்மரபணுவின் கூடுதல் படிகளைச் செலுத்தியபோது நொதியின் செயல்பாடு இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தது. எண்ணெய் மட்டும் கூடவில்லை. ஏறத்தாழ 2.5 கோடி டாலர் விழுங்கிய திட்டம் 1996இல் மூடப்பட்டது. எரிபொருளைப் பொறுத்தவரை இது தோல்வியே; ஆயினும் டயாட்டமின் மரபணுத்தொகுதியில் கைவைக்க முடியும் என்பதைக் காட்டிய முதல் கருவி இத்தோல்வியின் மிச்சம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே 1996இல் ஆப்ட், குரோத்-பான்சிச், கிராஸ்மன் ஆகியோர் ஃபியோடாக்டைலம் டிரைகார்னூட்டத்தில் வெற்றி கண்டனர். அங்கும் புரொமோட்டர் டயாட்டமினுடையதே. அவர்கள் பயன்படுத்திய ‘எஸ்ஹெச் பிளே’ என்ற எதிர்ப்பு மரபணுவின் பெயரில் உள்ள ‘எஸ்ஹெச்’, ஸ்ட்ரெப்டோஅலோட்டைக்கஸ் ஹிந்துஸ்தானஸ் என்ற பாக்டீரியாவைக் குறிக்கிறது. டயாட்டம் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் ஒரு குறியீட்டுக்குள் நம் நாட்டின் பெயர் சுருங்கிக் கிடப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இக்கடத்திகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குறை இருந்தது. செலுத்திய டி.என்.ஏ. மரபணுத்தொகுதியில் எங்கேனும் ஓரிடத்தில், எத்தனை படிகளாகவேனும் செருகிக்கொள்ளும். ஆகவே ஒரே பிளாஸ்மிட்டைப் பெற்ற இரு செல் வரிசைகளைக்கூட ஒப்பிடுவது கடினமாயிற்று.

2015இல் காராஸும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கடத்தி குரோமோசோமில் செருகிக்கொள்ளாமல் வளையமாகவே தங்கியது, ஈ.கோலை பாக்டீரியா இணைவின் மூலம் அதை டயாட்டமுக்குக் கையளித்தது. உயிர்எதிர்ப்பொருளை விலக்கிய பின்னும் வளையம் நிலைத்தது. அதன் படிகளின் எண்ணிக்கையும் செல்லின் சொந்தக் குரோமோசோம்களுக்கு நிகராயிருந்தது. அவ்வாறு நிலைக்கச் செய்த வரிசை டயாட்டமிலிருந்து வரவில்லை, ஈஸ்ட்டிலிருந்து வந்தது.

உருபு சொந்தமாக இருந்தாக வேண்டும் என்ற நம் உவமை இங்கே முறிகிறது. காரணம் 2017இல் ஓரளவு தெளிந்தது. டைனரும் குழுவினரும் ஃபியோடாக்டைலத்தின் சென்ட்ரோமியர்களை ஆராய்ந்தபோது, குவானினும் சைட்டோசினும் குறைந்த பகுதிகளே அப்பணியைச் செய்வதைக் கண்டனர். அத்தகைய அயல் டி.என்.ஏ.வையும் செல் சென்ட்ரோமியராக ஏற்றுக்கொள்கிறது. அது எந்த உயிரியிலிருந்து வந்தது என்பதைப் பார்ப்பதில்லை.