இரும்பு மனுசிகள் எங்கே போய் அழுதார்கள்?

"அவா இரும்பு மனுசி." எங்களில் அநேகம் பேர் இந்த வசனத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அம்மாவைப் பற்றி, அம்மம்மாவைப் பற்றி, பக்கத்து வீட்டு மாமியைப் பற்றி. சொல்லுறவை நல்ல மனதோடதான் சொல்லுவினம். ஆனால் அந்த மனுசிகள் எப்பவிருந்து இரும்பாக இருக்கவேண்டி வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை.

1984இல் யாழ்ப்பாணத்தில் பெடியள் கூட்டங்கூட்டமாகப் பிடிபட்டபோது அன்னையர் முன்னணி உருவானது. அதுவரை கோயிலுக்கும் சந்தைக்கும் போய் வந்த பெண்கள் கச்சேரிக்குள் புகுந்து அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டார்கள். 1986இல், இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்ற நேரம், கிழக்கில் தாய்மார் உலக்கையோடு தெருவில் இறங்கினார்கள். 1988 மார்ச் 19இல் மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில் பூபதி அம்மா உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கி, ஏப்ரல் 19இல் உயிர்விட்டார். அவர் பத்துப் பிள்ளைகளின் தாய். ஒவ்வொரு ஏப்ரலும் மாலை போடுகிறோம், 'அன்னை' என்கிறோம். அந்த ஒரு மாதமும் அவருக்குள் என்ன நடந்தது, அந்தப் பத்துப் பேருக்கும் என்ன நடந்தது என்பது எங்கட நினைவுகூரலுக்குள் வருவதேயில்லை.

தெற்கிலும் இதே கதை உண்டு. ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு நசுக்கிய காலத்தில் பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மார் 1990இல் மாத்தறையில் தங்களுடைய அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போய், தலைவிரித்து அழுது, தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தார்கள். கண்ணீரும் சாபமுமே அவர்களுடைய அரசியல் என்று மானிடவியலாளர் மாலதி டி அல்விஸ் எழுதினார். அந்தக் கூட்டங்களை ஒழுங்குசெய்த அரசியல்வாதிகள் பிறகு பெரிய பதவிகளுக்குப் போனார்கள். தாய்மார் வீட்டுக்குப் போனார்கள்.

அழுகை என்றவுடன் எங்கட செத்தவீடுகளை நினைக்கவேண்டும். படித்தவர்கள் ஒப்பாரியை நாகரிகமில்லை என்று ஒதுக்கினார்கள். எங்களுக்கும் சின்ன வயதில் அது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, செத்தவரோடு கோபித்து, பழைய கதை சொல்லி அழுவார்கள். ஒருத்தி களைத்தால் மற்றவள் எடுப்பாள். எட்டு, அந்தியேட்டி, திவசம் என்று ஊர் திரும்பத் திரும்ப வந்து போகும். அன்றைக்கு மட்டும் யாரும் 'திடமாக இரு' என்று சொல்லமாட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவனுக்குச் செத்தவீடு இல்லை. உடல் இல்லாத வீட்டில் பறை அடிக்க முடியாது. மனைவி பொட்டை அழித்தால் 'அவனைக் கொண்டுபோட்டாள்' என்று ஊர் சொல்லும், வைத்தால் வேறு கதை சொல்லும். 2010இல் வந்த சட்டம் இப்படியானவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றது. 2016இல் வந்த திருத்தம், காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் தந்தது. பல தாய்மாருக்கு மரணச் சான்றிதழில் கையெழுத்து வைப்பது பிள்ளையைத் தாங்களே கொல்வதுபோல இருந்தது. அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. அந்த இடைவெளியில்தான் அந்த 'இரும்பு' உருவானது என்று நாங்கள் நினைக்கிறோம்.

2010இல் பிரதி அமைச்சராக இருந்த ஹிஸ்புல்லாஹ், வடக்கு கிழக்கில் ஏறத்தாழ 89,000 விதவைகள் இருப்பதாகச் சொன்னார். நிறுவனங்களின் பாசையில் அவர்கள் 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' ஆனார்கள். தலைமைத்துவமாம்! கோழி கொடுத்தார்கள், தையல் மெசின் கொடுத்தார்கள், பின்னாலேயே நுண்கடன்காரரும் வந்தார்கள். திட்ட அறிக்கைகளில் சிரித்த முகமாக ஒரு படம் வேண்டும். அதற்கும் அவள்தான் நிற்கவேண்டும்.

உடம்பு மட்டும் வேறு கதை சொன்னது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வேலைசெய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் வடு எங்கட ஆட்களிடம் உடல் நோவாகத்தான் வெளிவருகிறது என்று எழுதியிருக்கிறார். தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு முழுக்க உளைவு, பெருமூச்சு. கிளினிக் வாங்கில் இருக்கிற அம்மாமார் 'எனக்குக் கவலை' என்று சொல்வதில்லை. 'நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குது தம்பி' என்பார்கள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் கொட்டில் போட்டு இருந்த தாய்மாரை நாங்கள் வீரத்தாய்கள் என்று பதிவு போட்டோம். கமெரா வந்தால் அழவேண்டும், அமைச்சர் வந்தால் அழாமல் கதைக்கவேண்டும். 2022இல் ஒரு லட்சம் ரூபா தருகிறோம் என்று அரசு சொன்னபோது வேண்டாம் என்றார்கள். பதில் தெரியாமலே எத்தனையோ பேர் செத்தும் போனார்கள். ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் இன்னொன்றும் நடந்தது: தேத்தண்ணி ஊத்தி, படத்தைத் துடைத்து, ஒருத்தியின் மடியில் மற்றவள் தலைவைத்துக் கிடந்தார்கள். இல்லாமல் போன செத்தவீட்டுக்கு ஓரளவாவது கிட்டவாக இருந்த இடம் அதுதான்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா பகலில் அழுததை ஒருவரும் கண்டதில்லை. இரவில் எல்லாரும் படுத்த பிறகு கிணத்தடிக்குப் போய்த் தண்ணி அள்ளுவாவாம். கப்பி கிறீச்சிடும் சத்தம் நெடுநேரம் கேட்கும். கத்தரிக்கண்டுக்குத் தண்ணி விடுறா என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்களாம்.