ராமானுஜனின் கம்பளி



மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பினேன். "எப்படி சார் இருந்தது?" என்று பலர் கேட்டீர்கள். அதைச் சொல்வதற்கு முன், நான் நடத்திய பழைய பாடம் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ராமானுஜனின் போர்வைக் கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கேம்பிரிட்ஜில் அப்போது படித்துக்கொண்டிருந்தவர் மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஒரு குளிர்நாளில் ராமானுஜன் அறைக்குப் போனவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டை மாட்டி, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகச் சொன்னார் ராமானுஜன். மகலனோபிஸ் உள்ளே போய்ப் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தைக்கு அடியில் செருகியபடி அப்படியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை!

வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "யாரையாவது கேட்டிருக்கலாமே சார்?" என்றான். "மேதைகள் அப்படித்தான்டா" என்று உட்கார வைத்துவிட்டேன்.

அந்தப் பதில் தவறு.

நான் போய் இறங்கியது அக்டோபரில். தெருவெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இலைகள். படம் எடுத்து உங்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிட்டது. டிசம்பரில் நாலு மணிக்கே. மகளும் மாப்பிள்ளையும் வேலை முடிந்து வர ஆறு ஆகும். விளக்கைப் போடக்கூட மனமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். பசிக்கவில்லை. படிக்கப் பிடிக்கவில்லை. "என்னப்பா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று மகள் கேட்டால், "ஒன்றுமில்லையம்மா" என்பேன். ஆசையாகச் செலவு செய்து அழைத்து வந்திருக்கிறாள். வெயில் இல்லை என்று புலம்பினால் நன்றாகவா இருக்கும்?

அப்போதுதான் ராமானுஜன் நினைவுக்கு வந்தார். வாத்தியார் புத்தி, கணக்குப் போட்டேன். கும்பகோணத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். கேம்பிரிட்ஜில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்! டிசம்பரில் எட்டு மணி நேரப் பகல்கூட இல்லை.

அவர் லண்டனில் இறங்கியது 1914 ஏப்ரலில், வசந்த காலத்தில். ஆகஸ்டில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிவிட்டது. சைவ உணவுக்காரர், அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். ஐந்து குளிர்காலங்களை அங்கே கழித்தார். கடிகாரத்தை மாற்றும் வழக்கம் பிரிட்டனில் முதன்முதலில் வந்ததும் அவர் அங்கிருந்த 1916இல்தான். 1917இல் நோய்வாய்ப்பட்டார். காசநோய் என்று கருதிச் சிகிச்சை விடுதிகளில் சேர்த்தார்கள். குளிர்ந்த காற்று நல்லது என்று ஜன்னல்களைத் திறந்து வைப்பது அந்தக் காலத்துக் காசநோய் வைத்தியம். காவிரிக் கரையில் வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1919 பிப்ரவரியில், அடுத்த வசந்தத்துக்கு முன்பே, கப்பல் ஏறினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32.

குளிர்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆனால் குளிர்காலத்தை நான் அவர் கதையில் சிரிப்புக்கு மட்டுமே வைத்திருந்தேன்.

ஜனவரியில் ஒருநாள் தாங்காமல் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முதல் வருஷம் நானும் இப்படித்தான்ப்பா இருட்டில் உட்கார்ந்திருப்பேன். போனில் உங்களிடம் சொன்னதில்லை" என்றாள். அவள் அங்கே போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் பேசியிருக்கிறோம். "குளிர் எப்படிம்மா?" என்று கேட்பேன். "பழகிடுச்சுப்பா" என்பாள். நானும் நம்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து மதியம் வெளிச்சம் இருக்கும்போதே பூங்காவுக்கு நடக்கப் போனேன். பிப்ரவரியில் புல்லுக்கு நடுவே சின்ன வெள்ளைப் பூக்கள் தலை காட்டின. அவற்றைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை இந்த வயதில் சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்தக் கடைசி பெஞ்ச் மாணவனுக்கு: நீ இப்போது கனடாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பழக்கமில்லாத ஊரில், எல்லோருக்கும் தெரிந்திருக்கும் ஒன்றைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், தம்பி. மேதைக்கும் அப்படித்தான், உன் வாத்தியாருக்கும் அப்படித்தான். மகலனோபிஸ் விசாரித்ததோடு நிற்கவில்லை, எழுந்து போய்ப் படுக்கையைப் பார்த்தார். கதையில் நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

குளிர்நாடுகளில் இருக்கும் பிள்ளைகளே, அம்மா அப்பா வந்தால் இதை நினைவில் வையுங்கள். இங்கே இருக்கும் பெற்றோரே, "பழகிவிட்டது" என்று பிள்ளைகள் சொன்னால் இன்னும் ஒருமுறை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்