தொட்டில் முதல், கப்பல் பிறகு

எங்கட வீடுகளில் பிள்ளை பிறக்க முன்னம் தொட்டில் கட்டமாட்டார்கள். கடலில் மூழ்கிய கப்பலுக்கோ இது தலைகீழ். கிடத்தத் தொட்டில் இல்லாமல் தூக்கினால், தூக்கும்போதே நொறுங்கிவிடும். இங்கிலாந்தின் 'மேரி ரோஸ்' போர்க்கப்பலின் கதையை நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

எட்டாம் ஹென்றி மன்னனின் கப்பல் அது. 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த சண்டையில், போர்ட்ஸ்மௌத்துக்கு முன்னால் மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 400க்கும் மேல், தப்பியது கொஞ்சப்பேர்தான். வலது பக்கமாகச் சரிந்த கப்பல் சேற்றில் புதைந்தது. வெளியில் தெரிந்த இடது பக்கத்தை நீரோட்டமும் மரந்துளைக்கும் கடற்புழுக்களும் தின்று தீர்த்தன. சேறு மூடிய பாதி மட்டும் மிஞ்சியது.

1971இல் அதன் மரங்கள் கண்ணில் பட்டன. 1979 தொடக்கம் தொல்லியலாளர் மார்கரெட் ரூல் தலைமையில் நூற்றுக்கணக்கான சுழியோடிகள் இறங்கி, உள்ளிருந்த பொருட்களை எடுத்தார்கள். கப்பலின் உடலை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். பிறகு வந்ததுதான் பெரிய கேள்வி: இதை எப்படித் தூக்குவது?

மிதக்கும் கப்பலைத் தண்ணீர் எல்லாப் பக்கத்தாலும் தாங்குகிறது. வெளியே எடுத்தால் முழுப் பாரமும் அது தொட்டுக்கொண்டிருக்கும் சில இடங்களில் விழும். முழுக் கப்பலென்றால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதுவோ நெடுக்காகப் பிளந்த பானை மாதிரி, பாதிதான். 437 வருடம் ஊறிய மரம் வேறு; இரும்பு ஆணிகளும் துருப்பிடித்துப் போயிருந்தன.

அதனால் வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். முதலில் கப்பலுக்கு மேலே நான்கு கால்களுள்ள எஃகுச் சட்டகமொன்றை நிறுத்தி, உடலின் பல இடங்களில் போல்ட் பூட்டிக் கம்பிகளால் இணைத்தார்கள். பிறகு சேற்றின் பிடி விடும்வரை மெதுமெதுவாக உயர்த்தினார்கள். மூன்றாவதாக, தண்ணீருக்குள்ளேயே நகர்த்தி, கப்பலின் வளைவுக்கு ஏற்றபடி செய்த எஃகுத் தொட்டிலில் இறக்கினார்கள். எஃகு மரத்தில் உறுத்தாமலிருக்க இடையில் காற்றுப்பைகளை மெத்தையாக வைத்திருந்தார்கள். கடலடியில் சரிந்துகிடந்த அதே சாய்விலேயே கப்பல் தொட்டிலிலும் கிடந்தது.

1982 ஒக்டோபர் 11. பாரந்தூக்கி தூக்கிக்கொண்டிருக்க, சட்டகத்தின் ஒரு மூலையில் பூட்டு நழுவி, அந்த மூலை ஒரு மீற்றர் அளவுக்குச் சடாரென்று கீழே இறங்கியது. பார்த்தவர்களுக்கு நெஞ்சு அடைத்திருக்கும். நல்லவேளை, சேதம் பெரிதாக இல்லை.

அதோடு கதை முடியவில்லை. கப்பலை நிமிர்த்தியது 1985இல். மரம் காய்ந்து வெடிக்காமலிருக்க 2013 வரை முதலில் தண்ணீரும் பிறகு மெழுகு போன்ற ஒரு பதார்த்தமும் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். சுவீடனில் 1961இல் மீட்கப்பட்ட 'வாசா' கப்பலோ பழைய தாங்கலில் மெல்ல மெல்ல உருக்குலைந்துகொண்டிருக்கிறது. அதற்கு இப்போது புதுத் தாங்கல் செய்கிறார்கள்.

பழைய வள்ளம், ஏடு, கல் என்று எதையாவது கண்டெடுத்தால் 'மீட்டுவிட்டோம்' என்று படம் போட எங்களுக்கு ஆசைதான். எடுத்ததை எதன்மேல் வைக்கப்போகிறோம், அதை யார் வருடக்கணக்காகப் பார்க்கப்போகிறார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் அது சேற்றுக்குள்ளேயே கொஞ்சக்காலம் பத்திரமாகக் கிடக்கட்டும்.