கோடு யாருடையது? – வீடியோ நடுவரும் ஓஃப்சைட் தீர்ப்பின் வரலாறும்

1

உதைபந்தாட்டம் பற்றி இவ்வாறான ஓர் ஏட்டில் எழுதுவது சிலருக்கு உவப்பாக இராது. எமது புலமைச் சூழலில் விளையாட்டு இன்றும் பொழுதுபோக்கின் கணக்கிலேயே வைக்கப்படுகிறது. ஆயினும், வி.ஏ.ஆர். எனப்படும் வீடியோ நடுவர் முறை பற்றி 2017 தொடக்கம் நடந்துவரும் விவாதம் சட்டம், சாட்சியம், மேன்முறையீடு, தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஆகியவை பற்றிய விவாதமாகும். அகதி மனு எழுதியவர்களுக்கும், முகம் காணாத ஒருவர் காகிதங்களைப் பார்த்து அளித்த முடிவைக் கடிதத்தில் வாசித்தவர்களுக்கும் இதன் சொற்கள் உடனே விளங்கும்.

விவாதிப்போர் இரு அணியினராக நிற்கின்றனர். கருவி கண்ணைவிடத் துல்லியமானது, ஆகவே நீதியானது என்பர் ஒரு சாரார். தவறும் ஆட்டத்தின் ஒரு பகுதியே, கருவி ஆட்டத்தின் உயிரைக் குடிக்கிறது என்பர் மறு சாரார். ஓஃப்சைட் கோடு என்றுமே மைதானத்தில் கிடந்தது போலவும், அதைச் சரியாகக் காண்பதா விடுவதா என்பது மட்டுமே கேள்வி போலவும் இரு சாராரும் பேசுகின்றனர். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

2

1863இல் லண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் எழுதிய முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நிற்கும் தாக்குபவர் எவரும் ஆட்டத்துக்குப் புறம்பானவர். 1866இல் இது தளர்த்தப்பட்டது. தாக்குபவருக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவர் நின்றால் போதும் என்றாயிற்று. பின்கள வீரர்கள் இந்த விதியைப் பொறியாக்கினர். நியூகாசில் யுனைட்டட் கழகத்தின் பில் மெக்ரக்கன் இதில் பேர்போனவர். கோல்கள் அருகின, பார்வையாளர் சலிப்புற்றனர். 1925இல் மூவர் இருவராகக் குறைக்கப்பட்டனர். அதன் விளைவு உடனே தெரிந்தது. ஆங்கில லீக்கில் 1924–25 பருவத்தில் 4,700 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 6,373 ஆகின. 1990இல், இத்தாலிய உலகக் கிண்ணத்தை ஒட்டி, சமநிலையில் நிற்பவர் ஓஃப்சைட் அல்லர் என மீண்டும் ஒரு திருத்தம் வந்தது.

ஒவ்வொரு தடவையும் கோட்டை நகர்த்தியவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வகை ஆட்டம் வேண்டும்? ஆகவே ஓஃப்சைட் என்பது இயற்கையில் கிடந்து கண்டெடுக்கப்பட்ட உண்மை அல்ல. அது ஓர் உடன்பாடு. அந்த உடன்பாட்டை எழுதுபவர் யார் என்பதையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். 1886இல் நிறுவப்பட்ட சர்வதேச உதைபந்தாட்டச் சங்க சபையில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தலா ஒரு வாக்கு. உலகின் ஏனைய நாடுகள் அனைத்துக்குமாக ஃபிஃபாவுக்கு நான்கு வாக்குகள். விதியொன்றை மாற்ற ஆறு வாக்குகள் வேண்டும். பேரரசு கலைந்த பின்னும் கலையாத சபைகளுள் இதுவும் ஒன்று.

விதியை நடைமுறைப்படுத்தியவர் கொடி பிடித்த லைன்ஸ்மன். பந்து உதைபடும் கணத்தையும், ஐம்பது யார் தள்ளி நிற்கும் கடைசிப் பின்கள வீரரின் நிலையையும் அவர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு சோடிக் கண்ணால் இயலாத காரியம் இது. இயலாது என்று தெரிந்ததாலேயே, ஐயம் இருந்தால் கொடியை உயர்த்த வேண்டாம் என்ற அறிவுரையும் வழங்கப்பட்டது. விதியின் கடுமைக்கும் கண்ணின் எல்லைக்கும் இடையில் இருந்த அந்தச் சிறு இடைவெளியில் ஆட்டம் மூச்சுவிட்டது.

3

தீர்ப்புக்குத் திரையைக் கொண்டுவந்ததில் கிரிக்கெட் முந்திக்கொண்டது. மூன்றாம் நடுவர் என்ற கருத்தை முன்வைத்தவராக இலங்கையின் முன்னாள் கிரிக்கெட் வீரரும் எழுத்தாளருமான மகிந்த விஜேசிங்க குறிப்பிடப்படுகிறார். 1992 நவம்பரில் டர்பனில் நடந்த டெஸ்ட் போட்டியில் சச்சின் டெண்டுல்கர் இம்முறையில் ரன்அவுட் ஆன முதலாமவரானார். உதைபந்தாட்டம் நெடுங்காலம் இணங்கவில்லை. 2010 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து கோல் எல்லையைத் தாண்டியதை உலகமே கண்டது, நடுவர் மட்டும் காணவில்லை. 2012இல் கோல் எல்லைத் தொழில்நுட்பம் அனுமதிக்கப்பட்டது. 2016இல் வீடியோ நடுவர் பரிசோதனைக்கு இசைவு கிடைத்தது.

பரிசோதனைச் சாலைகளுள் ஒன்றாக அமைந்தது நாம் வாழும் இந்த நாடு. தேசியத் தொழில்முறைத் தொடர் ஒன்றில் வீடியோ நடுவர் அமர்ந்த முதல் போட்டி, 2017 ஏப்ரல் 7இல் மெல்பேர்ண் சிற்றிக்கும் அடிலெயிட் யுனைட்டட்டுக்கும் இடையில் நடந்த ஏ-லீக் ஆட்டம். மறுநாள் வெலிங்டனில் சிட்னி எஃப்.சி.க்குக் கிடைத்த தண்ட உதையே இம்முறையின் முதல் தலையீடு. 2018 மார்ச்சில் இது உலக விதிகளில் சேர்க்கப்பட்டது.

இரண்டு மாதங்கள் கடந்து, 2018 மே 5இல், சிட்னிக்கு வடக்கேயுள்ள நியூகாசில் நகரில் ஏ-லீக் இறுதியாட்டம். முந்திய பருவத்தில் கடைசி இடத்தில் கிடந்த நியூகாசில் ஜெற்ஸ், எழுந்து வந்து மெல்பேர்ண் விக்டரியைத் தன் ஊரிலேயே எதிர்கொள்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் விக்டரியின் கொஸ்டா பார்பரூசஸ் கோல் அடிக்கிறார். அவருக்குப் பந்தைத் தலையால் திருப்பிக் கொடுத்த ஜேம்ஸ் டொனாக்கி தெளிவாகவே ஓஃப்சைட். லைன்ஸ்மனின் கொடி உயரவில்லை. வீடியோ நடுவரும் மௌனம். கோலுக்குச் சில கணங்களுக்கு முன் மென்பொருள் பழுதடைந்து, தேவையான கமராக் காட்சிகள் அவர் திரையில் இல்லாமற் போயின. காட்சிகள் திரும்பியபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. விக்டரி 1–0 என வென்றது. தொழில்நுட்பக் கோளாறு என ஆட்ட நிர்வாகம் பின்னர் ஏற்றுக்கொண்டது, கிண்ணம் இடம் மாறவில்லை. வீடியோ முறை செயலிழந்தாலும் ஆட்டம் செல்லுபடியாகும் என்று விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இச்சம்பவத்தை வைத்துக் கருவியே கூடாது என்று வாதிடுவது எளிது. அது என் வாதம் அல்ல. கருவி உண்டு என்ற நம்பிக்கையில் மனிதரின் பொறுப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதே நான் கேட்பது. திரை இருண்டிருந்த நேரத்தில் மைதானத்தில் இருந்தோர் அனைவரும் அது பார்த்துக்கொண்டிருப்பதாகவே எண்ணினர்.

4

கருவி பழுதில்லாமல் இயங்கும்போது எழும் பிரச்சினை இன்னும் ஆழமானது. வழமையான ஒளிபரப்புக் கமரா செக்கனுக்கு 50 படங்கள் பிடிக்கிறது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வீரர் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 சென்றிமீற்றர் நகர்ந்துவிடுகிறார். பாதம் பந்தைத் தொட்ட கணம் எந்தப் படத்தில் என்பதை ஒரு மனிதர் தெரிவு செய்கிறார். அதன் பிறகு தோள் ஒரு சென்றிமீற்றர் முன்னால் நின்றது எனக் கோடு வரையப்படுகிறது. 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் பந்துக்குள் உணரியை வைத்துச் செக்கனுக்கு 500 தடவை அளந்தபோது இந்த இடைவெளி மிகவும் ஒடுங்கியது. ஒடுங்கியதே தவிர ஒழியவில்லை.

நான் இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் உலோகத் துண்டுகளின் வரைபடங்களில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியுடன் இன்னோர் எண் இருக்கும். டொலரன்ஸ் என்பார்கள். 25 மில்லிமீற்றர் என்று மட்டும் எழுதிய வரைபடத்தைக் கொண்டு ஒரு துண்டையும் ஏற்கவோ கழிக்கவோ முடியாது. எந்த அளவுகோலும் ஓர் எல்லைக்கு அப்பால் பொய் சொல்லும் என்பதை அந்த எண் ஒப்புக்கொள்கிறது. உதைபந்தாட்டத்திலும் தவறான ஆட்டம் பற்றிய தீர்ப்பை மாற்றத் ‘தெளிவான, வெளிப்படையான தவறு’ வேண்டும் என விதி கேட்கிறது. ஓஃப்சைட் நிலையையோ ‘உண்மை’ எனப் பெயரிட்டு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கிவிட்டனர். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2021இல் தடித்த கோடுகளுக்கு மாறி, ஐயத்தின் பயனைத் தாக்குபவருக்குத் திருப்பிக் கொடுத்தது. லைன்ஸ்மனிடம் முன்பு இருந்ததையே கருவிக்கும் கற்பிக்க வேண்டியிருந்தது.

அளவை விதியையே மாற்றிய கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ண் மைதானத்தில் டரல் ஹெயர், கண்டித் தமிழரான முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை ஏழு தடவைகள் ‘நோ போல்’ என அறிவித்தார். 1996 ஜனவரியில் பிரிஸ்பேனிலும் 1999 ஜனவரியில் அடிலெயிட்டிலும் ரொஸ் எமர்சன் அதையே செய்தார். 2004இல் இந்நாட்டுப் பிரதமர் ஜோன் ஹவார்ட்டும் அவர் பந்தை எறிபவர் என்றார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத கை என்பதும், கண்ணுக்குத் தெரிவது மாயத் தோற்றம் என்பதும் பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த சோதனைகளில் வெளிவந்தன. அதே அளவைகளை ஏனையோர்மீதும் பிரயோகித்தபோது, சுத்தமானவை எனப் புகழப்பட்ட பல கைகளும் பந்து வீசும்போது ஓரளவு நிமிர்வது தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்ற வரம்பு வந்தது. முரளிக்காகச் சட்டம் வளைக்கப்பட்டது என இன்றும் சொல்வோர் உளர். ஒருவரை மட்டும் அளந்தபோது குற்றமாக நின்றது, எல்லோரையும் அளந்தபோது மனித உடலின் இயல்பாயிற்று என்பதே சரியான வாசிப்பு. கருவி அங்கு நீதியின் பக்கம் நின்றது. அது எல்லோர்மீதும் ஒருமிக்கத் திருப்பப்பட்டதும், வரம்பு வெளிப்படையாக எழுதப்பட்டதுமே அதற்குக் காரணங்கள்.

5

எதிர்வாதம் ஒன்றுண்டு. தவறுகள் குறைந்துள்ளன, அதற்குமேல் என்ன வேண்டும் என்பது அது. குறைந்துள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2023 செப்டெம்பர் 30இல் ரொட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை நினைவுகூர்க. திரையில் அவர் ஓஃப்சைட் அல்லர் என்பது சரியாகவே தெரிந்தது. மைதானத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டதாக எண்ணிய வீடியோ நடுவர், பரிசீலனை முடிந்தது என அறிவித்தார். உண்மையில் அங்கு கோல் மறுக்கப்பட்டிருந்தது. ஆட்டம் மீளத் தொடங்கிவிட்டதால் திருத்த விதி இடம் தரவில்லை. அளவை சரி, தீர்ப்புப் பிழை. இரண்டுக்கும் இடையில் இருந்தது மனிதப் பேச்சு.

தீர்ப்பு மூடிய அறைக்குள் சென்றதே மக்களின் கோபத்துக்கு மூலம் என எண்ணுகிறேன். நோர்வேயில் 2024இல் இரசிகர்கள் மைதானத்துக்குள் மீன் கேக்குகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினர். 2025இல் அந்நாட்டுச் சங்கத்தின் பொதுக்கூட்டம் வாக்கெடுத்து முறையைத் தக்கவைத்தது. சுவீடனிலோ உறுப்பினர்களே பெரும்பான்மை உரிமை கொண்ட கழகங்கள் 2024இல் இதனை வேண்டாம் என்றன. முடிவுகள் வேறு, ஆனால் இரு நாடுகளிலும் கேட்கப்பட்டு முடிவெடுக்கப்பட்டது. 2023இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த மகளிர் உலகக் கிண்ணத்தில், திரையைப் பார்த்து வந்த நடுவர் தன் முடிவை ஒலிவாங்கியில் அரங்குக்கு அறிவித்தார். சிறிய சீர்திருத்தம்தான். ஆயினும் தீர்ப்பை ஏற்க வேண்டியவர்களுக்கு அது சொல்லப்பட வேண்டும் என்ற கொள்கை அதற்குள் இருக்கிறது.

ஆர்சன் வெங்கர் போன்றோர், தாக்குபவரின் உடல் முழுவதும் பின்கள வீரரைத் தாண்டினால் மட்டுமே ஓஃப்சைட் எனக் கோட்டை நகர்த்தச் சொல்கின்றனர். கோல்கள் கூடலாம். புதிய கோட்டிலும் ஒரு சென்றிமீற்றர் வழக்கு வரும். ஆகவே கோடு எங்கே என்பதைவிட வேறு மூன்றைக் கேட்பதே பயனுள்ளது. அளவையின் பிழை வரம்பு எழுதப்பட்டிருக்கிறதா? ஐயத்தின் பயன் யாருக்கு? தீர்ப்புக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவரின் முகம் பார்த்துச் சொல்பவர் யார்? மைதானத்துக்கு வெளியேயும் இம்மூன்று கேள்விகளையும் கேட்கும் உரிமை எமக்கு உண்டு. நண்பர்கள் மறுத்து எழுதினால் விவாதம் தொடரும்.

– நார்த்மீட், சிட்னி